வாடியும் வாடிவீடும்

ஈழத்துக் கரையோர மக்களின் பேச்சிலே ‘வாடி’ என்னும் சொல் இரண்டு குடும்பங்களில் வாழ்கின்றது. மீன்பிடிக் காலத்தில் மாத்திரம் கடற்கரை மணலிலே தடியும் கிடுகும் கொண்டு எழுப்பி, காலம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போகும் மீனவனின் குடிலுக்கு வாடி என்று பெயர். உத்தியோக நிமித்தம் ஊர் சுற்றும் துரைமார் தங்கி இளைப்பாறுவதற்கென்று அரசாங்கம் கட்டிவைத்த விடுதிக்கு வாடிவீடு என்று பெயர். முன்னதற்கு ஓலைக் கூரை. பின்னதற்கு ஓட்டுக் கூரையும் அகன்ற விறாந்தையும். வேலியடைத்த இடம் என்பது அச்சொல்லின் பழைய பொருள்களுள் ஒன்று. விறகுவாடி, மரவாடி என்று கொட்டாஞ்சேனைப் பக்கத்திலும் நாம் அதைக் கேட்கிறோம். சிங்கள மீனவரும் அச்சொல்லையே எடுத்து ‘வாடிய’ என்று வழங்குகின்றனர்.

இரண்டு வாடிகளும் நீண்ட காலம் ஒரே கரையில் அடுத்தடுத்து இருந்தன. இன்று ஒன்று பெருகுகின்றது, மற்றது அகற்றப்படுகின்றது. எந்தக் காற்றும் அலையும் இதைச் செய்யவில்லை. சட்டமும் திட்டமும் மூலதனமும் செய்தன. அவ்வரலாற்றைச் சுருக்கமாகவேனும் எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நடப்பவர்கள், நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் விடப்படும் தொடர்மாடி வீடுகளைக் கண்டிருப்பார்கள். கட்டில், மெத்தை, குளிர்சாதனம் யாவும் உண்டு. அவற்றுக்கு மேலாகச் சமையலறை உண்டு. அடுப்பு, பானை, தட்டு, கரண்டி முதலிய அனைத்தும் வீட்டோடு கிடைக்கும். வருவோர் சந்தையில் மீனும் மரக்கறியும் வாங்கித் தாமே சமைத்துண்ணலாம். மேற்கு நாடுகளில் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை விடும் ஆடி, ஆவணி மாதங்களில், கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வரும் நம்மவர் குடும்பங்கள் இவ்வீடுகளை நிரப்புகின்றன. இதே முறை நீர்கொழும்பிலும் ஹிக்கடுவையிலும் அறுகம்பையிலும் வெள்ளைக்காரப் பிரயாணிகளை நோக்கி நடைபெறுகின்றது. விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு வாசகம், ‘அமைதியான மீனவக் கிராமம்’ என்பது. மீனவனை அப்புறப்படுத்திய பின்னரும் அவனுடைய பெயருக்கு விலை இருக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடற்கரையில் ஒரு பருவகாலம் தங்கித் தானே சமைத்துண்ணுவது புதிய நாகரிகம் என்று எவரேனும் கருதினால், அவர் வாடியைப் பார்த்ததில்லை என்பதே பொருள். இலங்கையின் கடல் இரண்டு காற்றுகளுக்குக் கட்டுப்பட்டது. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது மேற்குக் கரையும் தென்கரையும் கொந்தளிக்கும். கிழக்குக் கரை தாலாட்டும் தொட்டில்போல் அமைதியாகக் கிடக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ். ஆகவே நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் சோளகம் பிறந்ததும் வலையும் வள்ளமும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலைக் கரைகளுக்குப் போய் வாடி அடிப்பர்; காற்று மாறியதும் ஊர் திரும்புவர். இப்பெயர்ச்சி தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது.

வாடிக்குள் அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு மூலையில் மூன்று கல் வைத்த அடுப்பு; கூரையின் கீழ் வலையும் கயிறும்; வெளியே கருவாடு காயும் பாய்கள். பகலில் அதுவே தொழிற்சாலை, இரவில் அதுவே படுக்கை. கரைவலை வளைக்கும் இடத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். யாருடைய பாடு எது, எந்த வலை எந்த முறையில் இறங்கவேண்டும் என்பவற்றைக் காணி உறுதி இல்லாமலே வழக்காறு தீர்த்துவைத்தது. வலையின் இரு தலைக் கயிற்றையும் இரண்டு வரிசையாக நின்று ஆட்கள் மணிக்கணக்கில் இழுப்பர். வரிசைகள் பின்வாங்கிப் பின்வாங்கி மேலேறவும், வலை நெருங்கும்போது ஒன்றையொன்று நோக்கி நகரவும் கரை திறந்து கிடக்க வேண்டும். வேலியொன்று குறுக்கிட்டால் வலை இல்லை. இச்சிறிய தொழில்நுட்ப உண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நன்று. பின்னால் நாம் காணப்போகும் வழக்குகள் யாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

ஓய்வும் மீனவனுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் கடலுக்குப் போகாமல் மணலிலே உண்டு ஆடி மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை விரிவாகச் சித்திரிக்கின்றது. கடற்கரை விடுமுறை என்பதைத் தமிழில் முதலில் பாடியவர்கள் அதை அனுபவித்தவனாகக் கண்டது, மறுநாள் அதே கடலில் தொழிலுக்குப் போகிறவனைத்தான்.

இதனால் வாடி வாழ்க்கையைப் பொற்காலம் என்று வருணிக்க நாம் முன்வரவில்லை. நெய்தல் நிலத்தை நினைத்தமாத்திரத்தில் புன்னை நிழலையும் தாழை மணத்தையும் கூறி நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம் பண்டிதர்களுக்கு உண்டு. அந்த நிழலில் சம்மாட்டியும் உட்கார்ந்திருந்தான். வலையும் வள்ளமும் அவனுடையவை; மீனில் பெரும் பங்கும் அவனுடையது. தொழிலில்லாக் காலத்தில் அவன் கொடுத்த முற்பணம் கரைவலைத் தொழிலாளியை அடுத்த காலத்துக்கும் அவனுடைய கயிற்றிலேயே கட்டிவைத்தது. கருவாடு காயவைத்த பெண்ணின் உழைப்பு பல வேளைகளில் கணக்கிலேயே ஏறவில்லை. எனினும் அச்சுரண்டலுக்குள்ளும் ஓர் உரிமை மீந்திருந்தது: காலம் வரும்போது கரைக்கு வந்து தங்கும் உரிமை.

இனி மற்றை விருந்தாளியைப் பார்ப்போம். 1805இல் தேசாதிபதியாக வந்த மெயிற்லண்ட், கொழும்புக்குத் தெற்கே கல்கிசைக் கடல் முனையில் தனக்கென்று ஒரு மாளிகை எழுப்பினார். மீனவர் குடியிருந்த அக்கரையில் முதல் ‘கடற்காட்சி’ வீடு அதுவே எனலாம். ஆடல்மகள் ஒருத்தி மீது தேசாதிபதி கொண்ட காதற்கதையை விடுதிக்காரர் இன்றுவரை விருந்தினருக்குச் சொல்லி மகிழ்விக்கின்றனர். சுற்றுப்புறத்துக் குடிகளின் கதையைச் சொல்வார் இல்லை. 1877இல் கடலோரப் புகையிரதப் பாதை அவ்வழியே வந்தது. அக்காலத்திலேயே அம்மாளிகை விடுதியாயிற்று. கோட்டையிலிருந்து புறப்படும் துரைமார் ஒரு மாலைப்பொழுதில் போய்க் கடற்காற்று வாங்கித் திரும்ப வசதி ஏற்பட்டது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை ஆகிய இடங்களில் தண்டவாளம் நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் ஓடுகின்றது. கோட்டுக்கு இப்பால் நகரம் வளர்ந்தது. கோட்டுக்கு அப்பால், பாறைக்கும் சிலிப்பர்க் கட்டைக்கும் இடையே, பலகையும் தகரமும் கொண்ட குடிசைகளில் மீனவரும் நகரத்து ஏழைகளும் ஒதுங்கினர்.

நீர்கொழும்பு, பெந்தோட்டை, தங்காலை, அம்பாந்தோட்டை முதலிய கரையோர ஊர்களில் வாடிவீடுகள் எழுந்தமையும் ஆங்கிலேயர் ஆட்சியின் நிருவாகத் தேவையால்தான். அவற்றால் மீனவனுக்குப் பெருந்தீங்கு நேர்ந்தது என்று கூறமுடியாது. அவை சில, கரை நீளமானது. ஆனால் தீங்கின் வித்து வேறோர் இடத்தில் விதைக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தை நாம் கண்டிக் குடியானவனின் கதையிலேயே படிக்கிறோம். மாணவருக்கும் அவ்வாறே கற்பிக்கிறோம். உறுதி காட்ட முடியாத தரிசு நிலம் முடிக்குரியது என்ற அக்கொள்கை கோப்பித் தோட்டத்துக்கு வழிதிறந்தது போலவே, பின்னாளில் கடற்கரைக்கும் பயன்பட்டது. பாட்டுக்கு உறுதி ஏது? வாடிக்கு வரைபடம் ஏது? பரம்பரையாக ஒரு கரையில் வலை இழுத்தவன், சட்டத்தின் கண்ணில் அரசாங்கக் காணியில் அத்துமீறியவனாகவே நின்றான்.

அந்தக் கண் விழித்துக்கொண்டது சுதந்திரத்துக்குப் பின்னர்தான். 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை உல்லாசப் பிரயாண சபை தோன்றியது. அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்று தயாரித்த பத்தாண்டுத் திட்டம் 1967இல் வந்தது. தென்கரையும் கிழக்குக் கரையும் அதிலே உல்லாசப் பிரதேசங்களாக வகுக்கப்பட்டன. 1968ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலுக்கென்று காணி சுவீகரிக்கும் வழியையும் அமைத்தது. பெந்தோட்டையிலும் பாசிக்குடாவிலும் விடுமுறை நகரங்கள் வகுக்கப்பட்டன. 1966இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 18,969 பேர். 1982இல் 4,07,230 பேர். 1983 ஆடியில் தமிழர் மீது நடத்தப்பட்ட வன்செயலும் தொடர்ந்த போரும் அப்பெருக்கை வெட்டின. 2018இல் தொகை 23 இலட்சத்தைத் தாண்டிற்று.

இத்தொகைகளைவிட வேறொரு செய்தி சிந்தனைக்குரியது. பிரயாணிகளுக்கு வழங்கப்படும் கையேடுகள் யாவும் ஒரே கால அட்டவணையைக் கூறுகின்றன: டிசம்பர் முதல் ஏப்பிரல் வரை தென்மேற்குக் கரைக்குப் போங்கள், மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரைக்குப் போங்கள். இது நீர்கொழும்பு மீனவனின் பஞ்சாங்கம் அல்லவா! அமைதியான கடலை அவன் தேடியது தொழிலுக்காக. அவர்கள் தேடுவது நீராடுவதற்காக. ஒரே மாதத்தில், ஒரே மணலில், இரண்டு விருந்தாளிகளும் வந்து நிற்கின்றனர். யாருக்கு இடம் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

விடையை 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை விரைவுபடுத்திற்று. இந்நாட்டில் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். படகும் வலையும் வாடியும் இருந்த இடம் தெரியாமல் போயின. சில வாரங்களுக்குள் அரசாங்கம் ஒரு விதியை வகுத்தது: தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது. உயிர்ப் பாதுகாப்பே காரணம் என்றனர். காரணம் நியாயமானதாயின் எல்லாருக்கும் பொருந்த வேண்டும். உல்லாச விடுதிகளுக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. மீனவன் உறங்கினால் அலை கொல்லும், பிரயாணி உறங்கினால் கொல்லாது என்பது எந்த விஞ்ஞானமோ நாமறியோம். வடகிழக்கில் தூரம் ஏன் இருமடங்கு என்பதற்கும் கடலில் விடை இல்லை. எதிர்ப்பு வலுத்ததன் பேரில் 2005இன் இறுதியிலும் 2006இலும் இவ்வெல்லைகள் தளர்த்தப்பட்டன. அதற்குள் கரையைவிட்டு உள்நாட்டில் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்குப் பல மீனவக் குடும்பங்கள் போய்விட்டன. படகு ஓரிடம், அடுப்பு ஓரிடம் என்றாயிற்று.

பொத்துவிலுக்கு அருகிலுள்ள அறுகம்பையில் இது வெளிவெளியாகவே நடந்தது. முஸ்லிம் மீனவர் செறிந்து வாழும் அக்குடாவுக்கு 2005 ஏப்பிரலில் ஓர் அபிவிருத்தித் திட்டம் வகுக்கப்பட்டது. கோமாரி முதல் பாணமை வரையிலான கரையை ஆடம்பர விடுதிகளுக்குரியதாக அது கனவு கண்டது. நிவாரண நிதி எங்கே போகிறது என்று மீனவர் ஊர்வலம் போய்க் கேட்டனர். கனேடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இக்கரைக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. அத்திட்டம் முழுவடிவில் நிறைவேறவில்லை. ஆனால் அதன் மனப்பான்மை பாணமைக்கு நடந்து போயிற்று. 2010 ஜூலையில் ராகம்வெல என்ற இடத்திலே ஆயுதந் தாங்கியோர் இரவில் புகுந்து குடிசைகளை எரித்தனர். பயிரும் மீனும் நம்பி வாழ்ந்த 350 குடும்பங்கள் நிலம் இழந்தன. அவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசும் மக்கள் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்நிலப் பகுதியிலே படை முகாமும், கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் தோன்றின. 2015 பெப்ரவரியில் 25 ஏக்கர் தவிர்ந்த 340 ஏக்கரையும் திருப்பித் தருவதாக அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் தாளிலேயே கிடந்தது. 2016 மார்ச்சில் மக்கள் தாமாகவே தம் நிலத்தில் காலெடுத்து வைத்தனர்.

பாசிக்குடாவின் கதை அமைதியாக நடந்தமையால் பலர் அறியாதது. போர் முடிந்தபின், 2011 முதல், அக்குடாவைச் சுற்றி விடுதிகள் வரிசையாக எழுந்தன. பிறைபோல் வளைந்த அக்கரையில் படகு கட்டிய மீனவர் ஓர் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டனர். வாகீஷா குணசேகர, மிரா பிலிப்ஸ், விஜய் நாகராஜ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இவ்வொதுக்கலையே பேசுகின்றது. மேற்கில் கற்பிட்டியைச் சூழ்ந்த 14 தீவுகளும் உல்லாசத் திட்டத்தில் அடங்கின. அவை பருவகால வாடிகள் இருந்த தீவுகள். நீர்கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மீனவ ஒத்துழைப்பு இயக்கம் அங்கே மக்களோடு நின்றது. மேற்கிலும் கிழக்கிலும் வேலி அடைக்கப்பட்டபோது முதலில் நின்றது கரைவலைதான். இழுக்கும் வரிசைக்கு இடமில்லை.

விடுதி வந்தால் வேலை வருமே, பிள்ளைகளேனும் முன்னேறுவார்களே என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்விதான். ஸ்பெயின் நாட்டு மத்தியதரைக் கரையிலே பெனிதோர்ம் என்றோர் ஊர். சூரை மீனுக்குப் பெருவலை கட்டுவதில் பெயர்பெற்ற மாலுமிகளின் ஊர் அது. பிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில், 1956இல், அதன் நகரபிதா ஊர் முழுவதற்கும் ஒரு கட்டடத் திட்டம் வகுத்தார். இன்று அது வானளாவிய விடுமுறை மாடிகளின் காடு. வலைத்தொழில் போய்விட்டது, ஆனால் காணியுடைய குடும்பங்கள் சில விற்றும் கட்டியும் வசதி கண்டன. நம் கரையில் அந்த அளவுக்குக்கூட வாய்ப்பு இல்லை. விற்பதற்கு மீனவனிடம் உறுதி இல்லையே! 1840ஆம் ஆண்டின் சட்டம் இங்கேதான் தன் வட்டியை வசூலிக்கின்றது. நிலம் அரசாங்கத்திடமிருந்து நேரே கம்பனிக்குப் போகின்றது; மீனவனுக்கு வாயிற்காவலனின் சீருடை எஞ்சுகின்றது.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. கரையிழந்தவர்கள் ஒன்றுசேரவில்லை. பெயர்ந்து வரும் நீர்கொழும்பு, சிலாபம் வாடிக்காரருக்கும் முல்லைத்தீவின் உள்ளூர்த் தமிழ் மீனவருக்கும் பாடு குறித்த பூசல் நெடுநாளையது. அதனுள் குடியேற்ற அரசியல் புகுந்தது, ஆயுதமும் புகுந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், நாயாறு வாடிகளில் சிங்கள மீனவர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்த் தமிழ் மக்கள் தம் கிராமங்களிலிருந்து துரத்தப்பட்டனர். போர் ஓய்ந்த பின்னரும் அங்கே பூசல் ஓயவில்லை. நீர்கொழும்புக் கரையில் ஒரு காலத்தில் தமிழே மீனவரின் வீட்டுமொழியாக இருந்தது என்பதையும், தெப்பம், வாடி என்ற சொற்கள் இன்றும் அவர்கள் நாவில் உள்ளன என்பதையும் நினைக்கும்போது, இப்பகையின் அவலம் இரட்டிப்பாகின்றது.

வடக்கே காங்கேசன்துறைக்குக் கிழக்கில் மயிலிட்டி இருக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்று. 1990 ஜூனில் அவ்வூரார் போரினால் வெளியேறினர். உயர்பாதுகாப்பு வலயம் என்ற வேலி அவர்களுக்குப் பின்னால் அடைபட்டது. கோணப்புலம், சபாபதிப்பிள்ளை முதலிய முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. கடலில் பிறந்த பிள்ளைகள் கடலைக் காணாமலே பள்ளி முடித்தனர். அதே வலயத்துக்குள், காங்கேசன்துறைக் கடலோரத்திலே, போர் முடிந்தபின் இராணுவம் ‘தல்செவன’ என்ற விடுமுறை விடுதியை நடத்திற்று. தல்செவன என்றால் பனைநிழல். பணம் செலுத்தி அறை ஒதுக்கிக்கொண்ட எவரும் அங்கே தங்கிக் கடலில் நீராட முடிந்தது. சில கட்டை தூரத்தில் முகாமில் இருந்த மயிலிட்டி மீனவன் தன் துறைக்குப் போக முடியவில்லை. வாடிக்கும் வாடிவீட்டுக்கும் இடையே இந்நூற்றாண்டில் விழுந்த பிளவை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் வரைபடம் இந்நாட்டில் இல்லை.

2017 ஜூலை 3ஆந் திகதி, 27 ஆண்டுகளின் பின், துறைமுகமும் அதைச் சூழ்ந்த ஏறத்தாழ 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. அதற்குள் ஊரில் ஒரு பகுதியினர் கடல் கடந்துவிட்டனர். அவர்களுள் பலர் இன்று அந்நிய நாட்டுக் கடவுச்சீட்டோடு வருகின்றனர். விமான நிலையத்தில் உல்லாசப் பிரயாணிகளாகவே எண்ணப்படுகின்றனர். வெள்ளவத்தையில் கடல் தெரியும் தொடர்மாடியொன்றை வாரக் கணக்கில் எடுத்து, சந்தை மீனை வாங்கிக் குழம்பு வைத்துண்டு, பின்னர் இரவுப் புகையிரதத்தில் வடக்கே போய்ப் பற்றை மூடிய வளவில் தம் வீட்டின் அத்திவாரத்தைத் தேடுகின்றனர். இவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: அவ்வாண்டின் உல்லாசப் பிரயாணிகள் தொகையில், வாடியிலிருந்து துரத்தப்பட்டு வாடிவீட்டுக்கு வாடகை கொடுப்பவர் எத்தனை பேர்?

ஊர் திரும்பிய மீனவருக்குத் துறை திருத்திக் கொடுக்கப்பட்டது. 2019இல் திறப்பு விழாவும் நடந்தது. ஆயினும் மயிலிட்டித் துறையில் இடத்தை அடைத்துக்கொண்டு வேறு படகுகள் நின்றன. எல்லை தாண்டி வந்து கடற்படையிடம் பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அவை. வழக்கு முடியும்வரை, முடிந்த பின்னரும், உப்பிலும் வெயிலிலும் உக்கிக்கொண்டு கிடந்தன. அவற்றின் நடுவே தம் வள்ளத்தைக் கட்ட இடம் கேட்டு மயிலிட்டி மீனவர் அதிகாரிகளுக்கு மனு எழுத நேர்ந்தது.